வழியைக் கேட்கும் நெறி



விடை கூறுவதற்கு ஒரு முறை உண்டு என்பதைத் தேர்வு எழுதும் நீங்கள் நன்கு அறிவீர்கள். வினாவுவதற்கும் முறை உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் காட்டினார். மனிதரோடு மனிதர் பேசுவதற்கு வகுத்த அந்தப் பாகுபாடு, இன்று கணினியின் உள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு பேசுமிடத்திலும் நமக்குத் துணை செய்கிறது. கணினியின் வழி அட்டவணையை எவ்வாறு கேட்பது, கேட்டதில் வேண்டியதை மட்டும் எவ்வாறு தேர்ந்து பெறுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் கல்லூரி மாணவர் தொடங்கிய பணி அது. அதன் மூலநிரல் எவரும் படித்துப் பார்க்கும்படி வெளிப்படையாக இருப்பதால், உள்ளே நடப்பதைக் காண்பதற்கு மிகவும் ஏற்றது.

முதலில், வழி அட்டவணை என்பது யாது? இணையத்தில் செல்லும் செய்தி எதுவாயினும் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அது சேரவேண்டிய முகவரி எண் வடிவில் இருக்கும். பொதியைப் பெற்ற கணினி, அதனை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அம்முடிவைச் செய்வது இயங்குதளத்தின் நடுநாயகமாக விளங்கும் கெர்னல் என்னும் உட்கரு. கெர்னல் தன் கையில் வைத்திருக்கும் குறிப்பேடே வழி அட்டவணை. இன்ன எண்ணில் தொடங்கும் முகவரிகளுக்குரிய பொதிகளை இன்ன வாயில் வழியாக, இன்ன அடுத்த நிலையத்திற்கு அனுப்புக என்று அதன் ஒவ்வொரு வரியும் கூறும்.

அஞ்சல் துறை 1972-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ஆறு இலக்கக் குறியீட்டு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 6 என்று தொடங்கினால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். 627 என்று தொடங்கினால் திருநெல்வேலிப் பகுதி. கடிதத்தைப் பிரிப்பவர் முழு எண்ணையும் பார்க்கும்முன்னரே முதல் இலக்கங்களைக் கொண்டு பையைத் தேர்ந்துவிடுகிறார். கணினி முகவரியிலும் இத்தகைய முன்னொட்டு உண்டு. ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், நீண்ட முன்னொட்டை உடைய வரியே வெல்லும். பொதுவிதியினும் சிறப்புவிதி வலிமை உடையது என்று இலக்கணத்தில் படித்தீர்கள் அல்லவா? அதே முறைதான் இங்கும்.

இவ்வரிகளுக்குச் சில அடையாளங்களும் உண்டு. அவற்றுள் நான்கை மட்டும் இப்போது மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, அட்டவணை எண். கெர்னல் ஒரே அட்டவணையை மட்டும் வைத்திருப்பதில்லை. கணினியின் சொந்த முகவரிகளுக்கான அட்டவணைக்கு 255 என்பது எண். நாம் வழக்கமாகக் காணும் முதன்மை அட்டவணைக்கு 254. வேறு தேவைகளுக்கு வேறு எண்களில் தனி அட்டவணைகளையும் அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அந்த வரியை எழுதியவர் யார் என்னும் குறி. கெர்னல் தானே எழுதியதற்கு 2. நிர்வாகி கையால் எழுதிய நிலையான வரிக்கு 4. பேர்டு என்னும் வழிகாண் நிரல் எழுதியதற்கு 12. மூன்றாவது, வரியின் வகை. பொதியை முன்னே அனுப்பும் சாதாரண வரியும் உண்டு. வந்த பொதியைச் சத்தமின்றி விழுங்கிவிடும் கருந்துளை என்னும் வரியும் உண்டு. அனுப்பியவருக்கு, செல்ல இயலாது என்று மறுமொழி தரும் வரியும் உண்டு. நான்காவது, பொதி வெளியேறும் வாயில். கம்பிவழி இணைப்பா, கம்பியில்லா இணைப்பா என்பதை இது காட்டும்.

வீட்டில் உள்ள ஒரு கணினியின் முதன்மை அட்டவணையில் நான்கைந்து வரிகளே இருக்கக்கூடும். இணையத்தின் நடுவழிகளில் நிற்கும் கணினிகளின் நிலை வேறு. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் உலகின் பொது வழிகளின் எண்ணிக்கை 5,12,000 என்னும் எல்லையைக் கடந்தது. அவ்வெல்லைக்குள் அடங்கும்படி நினைவகம் ஒதுக்கியிருந்த பழைய கருவிகள் சில அன்று தடுமாறின. இணையத்தின் பல இடங்களில் தடை ஏற்பட்டது. இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து இலட்சம். அட்டவணையைக் கேட்பது ஏன் ஒரு கலையாயிற்று என்பதற்கு இந்த எண்ணே காரணம்.

இனி, கேட்கும் முறைக்கு வருவோம். கெர்னலின் குறிப்பேட்டை மற்ற நிரல்கள் நேரே கைவைத்துப் புரட்ட முடியாது. நெட்லிங்க் என்னும் செய்திமுறையின் வாயிலாக வினவலாம். வழியைப் பற்றிய வினா இருவகைப்படும். இந்த ஒரு முகவரிக்கு எந்த வழியே செல்வாய் என்று கேட்பது ஒன்று. இது நன்னூலார் கூறும் அறியா வினாவை ஒத்தது. விடை ஒரே வரி. உன்னிடம் உள்ள வழிகளை எடுத்துக் கொடு என்று கேட்பது மற்றொன்று. இது கடைக்காரரிடம் பருப்பு உண்டா என்று கேட்கும் கொளல் வினாவைப் போன்றது; பெற்றுக்கொள்வதற்காகவே கேட்கிறோம். இதற்கு விடை பல செய்திகளாகத் தொடர்ந்து வந்து, முடிந்தது என்னும் இறுதிச் செய்தியோடு நிற்கும். நம் ஆராய்ச்சி இந்த இரண்டாவது வினாவைப் பற்றியதே.

பட்டியலைக் கேட்பவர் பெரும்பாலும் எல்லா வரிகளையும் விரும்புவதில்லை. அட்டவணை 100-இல் உள்ளவை மட்டும், அல்லது நிலையான வரிகள் மட்டும், அல்லது இந்த வாயில் வழியே செல்பவை மட்டும் என்று விரும்புவர். லினக்ஸில் இதற்கு ஐபி என்னும் கட்டளை உண்டு. அலெக்சி குஸ்நெத்சோவ் என்னும் உருசிய அறிஞர் எழுதத் தொடங்கிய கருவித்தொகுதியைச் சேர்ந்தது அது. நாம் அக்கட்டளையில் நிபந்தனைகளைச் சொல்கிறோம். திரையில் வேண்டிய வரிகள் மட்டும் தோன்றுகின்றன. ஆகவே கெர்னல் தேர்ந்து கொடுத்தது என்று நினைத்துவிடுவோம். 2018-ஆம் ஆண்டுவரை நடந்தது அதுவன்று. வழிப்பட்டியலைப் பொறுத்தமட்டில், கெர்னல் ஏறக்குறைய எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடும். கட்டளை நிரல் தன் சல்லடையில் இட்டுச் சலித்து, வேண்டியதை நமக்குக் காட்டிவிட்டு மற்றதை எறிந்துவிடும்.

ஒரு பள்ளி அலுவலகத்திற்குச் சென்று, பத்தாம் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பெயர்கள் வேண்டும் என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தையும் மேசைமேல் அடுக்கிவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியாயின் பரவாயில்லை. பெரிய பள்ளியாயின் பொழுது சாய்ந்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள். நெட்லிங்க் முறையில் ஒரு வரியைத் தெரிவிக்க, இரண்டு தலைப்புகளும் நான்கு குறிப்புகளும் சேர்ந்து 60 பைட் அளவாவது ஆகும். பத்து இலட்சம் வரிகளுக்கு 6 கோடி பைட். மூன்று வரிகளுக்காக 6 கோடி பைட்டைப் படியெடுத்துக் கொடுத்து, வாங்கி, சலித்து, எறிவது எவ்வளவு வீண் உழைப்பு! ஒரு கண்காணிப்பு நிரல் இதையே அடிக்கடி செய்யுமாயின் கணினியின் பொழுதெல்லாம் இதிலேயே கழியும்.

அப்படியானால் கெர்னலே சலித்துக் கொடுத்தால் என்ன? நிபந்தனையைச் சொல்வதற்கு வினாச் செய்தியின் தலைப்பில் இடங்கள் முன்பே இருந்தனவே! அட்டவணைக்கு ஓரிடம், எழுதியவர் குறிக்கு ஓரிடம், வகைக்கு ஓரிடம் எல்லாம் உண்டு. கெர்னல் அவற்றைப் படித்து அதன்படி நடந்தால் போதாதா? இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

பல ஆண்டுகளாகக் கெர்னல் அந்தத் தலைப்பில் பெரும்பாலும் முதற் கட்டத்தை மட்டுமே பார்த்தது. எந்தக் குடும்பத்து முகவரி என்பதை அக்கட்டம் கூறும். மற்றக் கட்டங்களில் என்ன இருந்தாலும் அது பொருட்படுத்தவில்லை. ஆகவே நிரல் எழுதியவர்களும் பொருட்படுத்தவில்லை. சிலர் வழிவினாவுக்குரிய 12 பைட் தலைப்பை வைக்காமல், வாயில்களைப் பற்றிய வினாவுக்குரிய 16 பைட் தலைப்பை வைத்து அனுப்பினர். முதற் கட்டம் இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் விடை வந்தது. தவறு வெளியே தெரியவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுத்தர் முதற் கட்டத்தை மட்டுமே படிக்கிறார் என்றால், நாளடைவில் மக்கள் மற்றக் கட்டங்களில் எதை எதையோ எழுதத் தொடங்கிவிடுவர் அல்லவா? திடீரென்று ஒரு நாள் புதிய அலுவலர் வந்து எல்லாக் கட்டங்களையும் படித்து அதன்படி நடவடிக்கை எடுத்தால் என்ன ஆகும்? நேற்றுவரை பணம் பெற்றவர் இன்று பெறமாட்டார். அதே போன்று கெர்னல் திடீரெனக் கண்டிப்புக் காட்டினால், உலகெங்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் குறைபட்ட விடையைப் பெறும். அல்லது விடையே பெறாமல் நிற்கும். புதிய கெர்னலால் பழைய நிரல்கள் கெடலாகாது என்பது லினக்ஸ் உலகில் உறுதியாகப் போற்றப்படும் நெறி.

ஆக, தவறைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும் தாராள மனம், பின்னாளில் திருத்தத்திற்கே தடையாக நிற்பதைப் பார்க்கிறோம். பிழையைச் சுட்டாத ஆசிரியர் மாணவனுக்கு நல்லவராகத் தோன்றுவார். அப்பிழை பழக்கமான பின் அதைக் களைவது எவ்வளவு அரிது என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இச்சிக்கலுக்கு வழி கண்டவர் டேவிட் ஆஹெர்ன் என்னும் கெர்னல் வல்லுநர். அவர் செய்த மாற்றங்கள் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வெளிவந்த லினக்ஸ் 4.20 பதிப்பில் இடம்பெற்றன. பழையவர்கள் பழையபடியே கேட்கலாம். அவர்களுக்குப் பழைய விடையே வரும். நான் முறைப்படி கேட்கிறேன், என்னைக் கண்டிப்பாகச் சோதித்துக்கொள் என்று முன்கூட்டியே விருப்பம் தெரிவிப்பவருக்கு மட்டும் புதிய முறை. எவரையும் துன்புறுத்தாமல் ஒழுங்கைக் கொண்டுவர இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை.

கண்டிப்பான சோதனைக்கு உடன்பட்ட ஒருவர் வழிப்பட்டியலைக் கேட்கும்போது பின்பற்ற வேண்டிய விதிகளைக் கூறுகிறேன். முதலாவதாக, வழிவினாவுக்குரிய தலைப்பையே வைக்க வேண்டும். இரண்டாவதாக, நிபந்தனையாக ஏற்கப்படாத கட்டங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். சேருமிட முன்னொட்டின் நீளம், புறப்படுமிட முன்னொட்டின் நீளம், சேவைத் தரம், எல்லை ஆகிய நான்கிலும் பூஜ்யமே இருத்தல் வேண்டும். இருக்கக் கூடாத எண் அவற்றில் ஒன்றில் இருந்தாலும் வினா மறுக்கப்படும். மூன்றாவதாக, எழுதியவர் குறி, வகை, அட்டவணை எண் ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே நிபந்தனையாக வைக்கலாம். அங்கே பூஜ்யம் இருந்தால், இதைப் பற்றி எனக்கு நிபந்தனை இல்லை என்பது பொருள். நான்காவதாக, தலைப்புக்குப் பின்னே இணைத்து அனுப்பும் குறிப்புகளில் இரண்டு மட்டுமே ஏற்கப்படும்: அட்டவணை எண் ஒன்று, வெளியேறும் வாயில் மற்றொன்று. தலைப்பில் அட்டவணைக்குரிய கட்டம் 255 வரையே கொள்ளும்; அதனினும் பெரிய எண்ணைச் சொல்வதற்கே இணைப்பு வழியும் வைத்தனர். ஐந்தாவதாக, ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரியே விடையில் வரும். ஒன்றுக்கு மட்டும் பொருந்துவது வராது.

விதியை மீறிய வினாவுக்குக் கெர்னல் என்ன செய்கிறது? வாளா இருப்பதில்லை, வாரி இறைப்பதும் இல்லை. தலைப்பில் தகாத மதிப்பு உள்ளது என்றோ, ஏற்கப்படாத குறிப்பு உள்ளது என்றோ காரணத்தைக் குறித்து மறுத்துவிடுகிறது. இல்லாத வாயிலைச் சொன்னால் அப்படி ஒரு வாயில் இல்லை என்கிறது. இல்லாத அட்டவணையைச் சொன்னால் அப்படி ஓர் அட்டவணை இல்லை என்கிறது. நன்னூலார் விடைவகைகளுள் மறை விடையையும் ஒன்றாக வைத்தார் அன்றோ? மறுப்பும் ஒரு விடையே. அன்றியும், நிபந்தனையின்படி தேர்ந்து விடை கொடுத்தால், இது தேர்ந்தெடுத்த பட்டியல் என்று விடைச் செய்தியின் மேலேயே ஓர் அடையாளக் கொடியையும் இடுகிறது.

அந்தக் கொடிக்கு என்ன அவசியம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். வழிகாண் நிரல் ஒன்று நின்றுபோய் மீண்டும் தொடங்குகிறது. தான் முன்பு எழுதிய பழைய வரிகளை நீக்கிவிட்டுப் புதியன எழுத வேண்டும் என்பது அதன் எண்ணம். ஆகவே, 12 என்னும் குறியுடைய வரிகளை மட்டும் கொடு என்று கேட்கிறது. புதிய கெர்னல் தேர்ந்து கொடுக்கும். அதே நிரல் பழைய கெர்னல் உள்ள கணினியில் ஓடினால்? பழைய கெர்னல் நிபந்தனையைப் படிக்காமலே எல்லா வரிகளையும் கொடுத்துவிடும். வந்தவை அனைத்தும் தன்னுடையவை என்று நம்பி அந்நிரல் நீக்கத் தொடங்கினால், நிர்வாகி கையால் எழுதிய வரியும் போகும். வெளியுலகிற்குச் செல்லும் பொது வழியும் போகும். தொலைவில் இருந்து அக்கணினியை இயக்குபவர், தான் நின்ற கிளையையே வெட்டிக்கொண்டவர்போல் ஆவார். தவறைத் திருத்த உள்ளே புகுவதற்கும் வழி இருக்காது.

ஆகவே எச்சரிக்கையுள்ள நிரல், கொடி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையேல் தன் சல்லடையை எடுத்துக்கொள்ளும். ஐபி கட்டளை கண்டிப்பான முறையை ஏற்றுக்கொண்ட பின்னும் தன் சொந்தச் சல்லடையைக் கைவிடவில்லை. கெர்னல் சலித்தது போக எஞ்சியதைத் தானும் ஒருமுறை சலிக்கிறது. கெர்னல் ஏற்காத நிபந்தனைகளும் உண்டு என்பதால் இது தேவையும் ஆகிறது. முன்னொட்டைக் கொண்டு வரிகளைத் தேர்வது அவற்றுள் முக்கியமானது. அதற்கு அக்கட்டளை மூன்று சொற்களை வைத்திருக்கிறது. ரூட் என்று கூறி ஒரு முன்னொட்டைக் கொடுத்தால், அதற்குள் அடங்கும், அதனினும் குறுகாத முன்னொட்டுகளைக் காட்டும். மேட்ச் என்று கூறினால், அதனை உள்ளடக்கும், அதனினும் நீளாத முன்னொட்டுகளைக் காட்டும். எக்ஸாக்ட் என்று கூறினால் அதனை மட்டும் காட்டும். எடுத்துக்காட்டாக, மேட்ச் 10.0.0.0/16 என்றால் 10.0.0.0/16, 10.0.0.0/8, எல்லாவற்றையும் தன்னுள் அடக்கும் 0.0.0.0/0 ஆகியவை வரும், 10.1.0.0/16 வராது, 10.0.0.0/24-உம் வராது. மரத்தின் ஒரு கிளையில் நின்று கீழே வேர்வரை பார்ப்பது மேட்ச். மேலே தளிர்வரை பார்ப்பது ரூட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரூட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே வேர் என்பதுதான் பொருள். நாம் கொடுக்கும் முன்னொட்டை வேராகக் கொண்டு மேலே கிளைப்பவற்றையே அது காட்டுகிறது.

இவ்வாறு வேலை இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதியை ஒதுக்கித் தள்ளும் பருஞ்சல்லடை கெர்னலின் கையில். நுட்பமாகத் தேரும் நுண்சல்லடை கேட்பவரின் கையில். எல்லா நிபந்தனைகளையும் கெர்னலே ஏற்றால் அதன் நிரல் பெருத்துவிடும்; பிழைக்கும் இடம் மிகும். எதையுமே ஏற்காவிட்டால் வீண் சுமை மிகும். பெரிய அளவில் பயன் தரும் சில நிபந்தனைகளை மட்டும் தேர்ந்து, அவற்றை ஐயத்திற்கு இடமின்றி நிறைவேற்றுவதே நடுநிலை.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் லினக்ஸ் உள்ள கணினி இருந்தால், ஐபி ரூட் ஷோ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டுப் பாருங்கள். சில வரிகள் தோன்றும். பின்பு அதனோடு டேபிள் லோக்கல் என்று சேர்த்துப் பாருங்கள். முன்பு காணாத வரிகள் வரும். அதன்பின் புரோட்டோ கெர்னல் என்னும் நிபந்தனையை இட்டுப் பாருங்கள். கெர்னல் தானே எழுதிய வரிகள் மட்டும் வரும். இவற்றால் அட்டவணை மாறாது. பார்ப்பது மட்டுமே நடக்கும். ஒவ்வொரு விடையையும் கண்டு, இந்த வரி ஏன் வந்தது, அந்த வரி ஏன் வரவில்லை என்று தாளில் எழுதிப் பழகுங்கள். பத்துப் பக்கம் படிப்பதனினும் அது மேலான பயிற்சி.

இப்பொருளிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. கேட்பவன் தனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாத இடத்தை வெறுமையாக விட வேண்டும். கேட்கப்பட்டவன் தனக்கு விளங்காத நிபந்தனையை விளங்கியதுபோல் ஏற்றுக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கலாகாது. விளங்கவில்லை என்றால் மறுத்துச் சொல்ல வேண்டும். விடை பெற்றவன், கேட்டதுதான் வந்ததா என்று சரிபார்க்காமல் அதன்மேல் செயலாற்றலாகாது. பத்து இலட்சம் வரிகளின் நடுவே வழி தவறாமல் பொதிகள் சென்று சேர்வது இம்மூன்றும் கூடி நடப்பதால்தான். நாள்தோறும் நூல்களையும் கருவிகளையும் வினவி விடை பெறும் உங்களுக்கும் இவை பயன்படும் என்று கூறி முடிக்கிறேன்.